காது வைத்த உளி

அப்பாவின் இடது கை ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது. நகம் இருக்கவேண்டிய இடத்துக்கு முன்பே விரல் முடிந்துவிடும். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காரும் புது ஆள் யாராவது அதைக் கவனித்து, என்ன ஆச்சு என்று கேட்டால், "மச்சான் உபயம்" என்பார் அப்பா. மாமா பக்கத்தில் இருந்தால் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். எங்கள் சொந்தத்தில் இந்த வசனம் தெரியாதவர் இல்லை. பல வருடம் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அந்த விரல் போனபோது எனக்குப் பத்து வயது. கேளம்பாக்கம் ஜங்ஷனிலிருந்து கோவளம் போகும் ரோட்டில் கொஞ்ச தூரம் வந்து உள்ளே திரும்பினால் எங்கள் வீடு. வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட கடைசல் பட்டறை. கடைசல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: மரக்கட்டையை இரண்டு முனையிலும் பிடித்து மோட்டாரில் சுழலவிட்டு உளியைக் கொடுத்தால், கட்டை உருண்டு திரண்டு கட்டில் காலாகவும் பூரிக்கட்டையாகவும் மாடிப்படிக் கம்பமாகவும் வெளியே வரும். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் பூஜை அறைக்குக்கூடக் கடைந்த தூண் கேட்டார்கள். அப்பாவுக்கும் மாமாவுக்கும் வேலைக்குப் பஞ்சமே இல்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நான் பிறப்பதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு அக்கா வீட்டோடு வந்துவிட்டவர். அப்பாவை அவர் மாமா என்று கூப்பிடுவார். என் மாமா எதற்காக என் அப்பாவை மாமா என்கிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. அந்த வீட்டில் எனக்கு விளங்காத விஷயங்கள் நிறைய இருந்தன. இருப்பதிலேயே சின்னது இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் இடக்கைக்காரி. சோறு மட்டும் வலது கையால் சாப்பிட வேண்டும் என்று அம்மா கரண்டியால் தட்டித் தட்டிப் பழக்கியிருந்தாள். எழுதுவது, கல் எறிவது, பல் தேய்ப்பது எல்லாம் இடது கைதான்.

பட்டறையில் எனக்குப் பிடித்த இடம் சாணை மெஷின். சுவரோரமாக ஒரு மேசையில் முடுக்கி வைத்திருப்பார்கள். சுவிட்சைப் போட்டால் வட்டக் கல் சுற்றும். உளியை அதில் வைத்தால் பொறி பறக்கும். தீபாவளிக்கு ஒரு நாள் மட்டும் கிடைக்கும் கம்பி மத்தாப்பு இவர்களுக்குத் தினமும் நாலு தடவை கிடைக்கிறதே என்று எனக்குப் பொறாமை. "கல்லுகிட்ட வந்தினா கால ஒடிச்சிடுவேன்" என்பார் அப்பா. மாமா அப்படியெல்லாம் சொல்லமாட்டார். காலால் தரையில் ஒரு கோடு கிழித்து, இதைத் தாண்டாதே என்பார். நான் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக நின்று பார்ப்பேன்.

நின்று பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டேன் என்று நினைத்தேன். உளியின் முதுகு முதலில் கல்லில் படவேண்டும், வாய் பிறகு. அழுத்தக்கூடாது. சூடேறினால் பக்கத்திலிருக்கும் பெயிண்ட் டப்பாத் தண்ணீரில் முக்க வேண்டும். சொய் என்று சத்தம் வரும். பிறகு பெருவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தால், வழுக்காமல் பிடித்து நிற்க வேண்டும். ஒரு நல்ல மாணவி கவனிக்க வேண்டிய எல்லாவற்றையும் கவனித்துவிட்டேன். ஒன்றைத் தவிர.

அப்பாவின் உளிகளில் ஒன்று குழி உளி. பாதி மூங்கிலைப் பிளந்தாற்போல உள்ளே குழிந்திருக்கும். கட்டில் காலின் கழுத்தில் வரும் பள்ளத்தைக் கடைவது அதில்தான். அதன் வாய் நேராக இருக்காது. நடுவில் நாக்குப் போல நீண்டு, இரண்டு மூலையும் பின்னால் மழுங்கிப் போயிருக்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் மேல் பரிதாபமாக இருக்கும். பாவம், தேய்ந்துபோன உளியை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார் என்று நினைத்தேன். மூலை தேய்ந்த ரப்பரை வைத்துக்கொண்டு பரீட்சை எழுதும் பிள்ளையைப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி.

கோடை விடுமுறை. மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் பழைய காலத்துக் கட்டில் மாதிரி பத்துக் கட்டில் போடவேண்டும் என்று நாற்பது கால் கேட்டிருந்தார்கள். பாதி முடிந்திருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு அப்பாவும் மாமாவும் ஜங்ஷனில் டீ குடிக்கப் போனார்கள். மாமா அந்த நாட்களில் டீக்கடைக்குக்கூடத் தலை சீவிக்கொண்டுதான் போவார். திருக்கழுக்குன்றத்தில் ஒரு தச்சு ஆசாரியின் பெண்ணை அவருக்குப் பேசி வைத்திருந்தார்கள். அந்த அக்காவின் போட்டோ பிளாஸ்டிக் கவரில் போட்டு அவர் சட்டைப் பையில் இருந்தது. கல்யாணம் ஆனால் மாமா தனியாக வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவார் என்று அம்மா சொல்லியிருந்ததால், அந்தப் போட்டோவை எனக்குப் பிடிக்கவில்லை.

அவர்கள் தலை மறைந்ததும் நான் கோட்டைத் தாண்டினேன்.

இடது கையில் பிடியையும் வலது கையில் இரும்பையும் பிடித்துக்கொண்டு, குழி உளியைக் கல்லில் வைத்தேன். பொறி என் மணிக்கட்டில் பட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டியது. அப்படிச் சுகமாக இருக்கும் என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை. அந்த நாக்கைத் தேய்த்து, தண்ணீரில் முக்கி, மறுபடி தேய்த்து, வாயை நேராக்கினேன். மழுங்கியிருந்த இரண்டு மூலையும் முள் மாதிரிக் கூர்மையாக முன்னால் வந்துவிட்டன. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் நேராகத்தான் தெரிகிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். நகத்தில் வைத்தேன், கிச்சென்று பிடித்தது. எடுத்த இடத்திலேயே, சுவரில் மூன்றாவதாக, மாட்டிவைத்தேன். அப்பா எடுத்துப் பார்த்து, "அட, யாரு புடிச்சது இது?" என்று கேட்பார். நான் உடனே சொல்லமாட்டேன். கொஞ்சம் கெஞ்சவிட்டுத்தான் சொல்லுவேன். இதுதான் என் திட்டம்.

அந்த மூலைகளுக்குப் பட்டறையில் காது என்று பெயர். குழி உளிக்குக் காது வைக்கக்கூடாது. வைத்தால் சுழலும் கட்டையில் காது மாட்டும்; மாட்டினால் உளி கையை உதறும். இது தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடம். நான் தொழிலுக்கு வரவில்லையே, எனக்கு யார் சொல்வார்கள்?

அப்பா வந்தார். மோட்டாரைப் போட்டார். உளியின் வாயைப் பார்க்கவே இல்லை. நாற்பது காலில் இருபத்து மூன்றாவதோ என்னவோ, கை பாட்டுக்குப் போய் உளியை எடுத்துப் பள்ளத்தில் வைத்தது. டக்கென்று ஒரு சத்தம். கட்டை கழன்று தகரத்தில் மோதியது. அப்பா கத்தவில்லை. இடது கையை வலது கையால் பொத்திக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். ஏதோ களைப்பாக இருக்கிறது, கொஞ்சம் உட்காரலாம் என்று உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மாமா ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். தோளில் கிடந்த துண்டை அப்பாவின் கையில் சுற்றினார். கீழே விழுந்து கிடந்த உளியை எடுத்தார். அதன் வாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சாணை மெஷின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். கையெல்லாம் கறுப்புத் தூள். மூக்கிலும் இருந்திருக்கும்.

அடுத்து மாமா செய்ததுதான் எனக்குப் புரியவே இல்லை. அப்பா ரத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறார். இவர் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிவந்து, என் முகத்தைக் கழுவினார். இரண்டு கையையும் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினார். லுங்கி முனையால் துடைத்துவிட்டார். அதன் பிறகுதான் உளியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆட்டோ பிடிக்க ரோட்டுக்கு ஓடினார். மாமாவுக்குப் பயத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அம்மா பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்தாள். தகவல் போய், அங்கிருந்து நேராகச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கை முழுக்கக் கட்டு. அம்மாவின் முகத்தில் சுத்தமாக ரத்தமே இல்லை. அப்பாவைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, உளி யார் பிடித்தது என்றுதான் முதலில் கேட்டாள்.

நான் அழுதுகொண்டே சொல்லிவிடுவது என்று இரவெல்லாம் தயாராகி இருந்தேன். வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"நான்தான்கா புடிச்சேன். டீக்குப் போற அவசரத்துல காது எடுக்காம வுட்டுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பித்தோம் என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், கோபம். பிடித்தது நான், அதை இவர் எப்படித் தன்னுடையது என்று சொல்லலாம்?

அப்பா கையை நீட்டி உளியைக் கேட்டார். மாமா இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். படுத்தபடியே ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார் அப்பா. ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு முறை என் பக்கம் கண் வந்தது. தண்ணீர் கொண்டு வா பாப்பா என்றார். நான் சொம்பைக் கொண்டுவருவதற்குள் மாமாவுக்கு அர்ச்சனை ஆரம்பமாகிவிட்டது. "இத்தினி வருசம் தொழில் பண்ணிகினு கீற, குழி உளிக்கு எவனாவது காது வைப்பானாடா?" மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா போட்ட தண்டனை அதைவிடப் பெரிது. இனிமேல் இவன் கல்லைத் தொட்டால் நான் இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், மாமா சரிக்கா என்று முடித்துவிட்டார். அப்பாவுக்கோ கையில் கட்டு. அதனால் மாமா கடைகிற உளிகளையெல்லாம் கோணிப்பையில் சுற்றி, மொபெட்டில் வைத்து, திருப்போரூரில் வேறொருவர் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சாணை பிடித்து வந்தார். தன் உளியைத் தான் தீட்டத் தெரியாத கடைசல்காரர் என்றால், தன் முகத்தைத் தான் கழுவத் தெரியாதவர் என்ற மாதிரி. அங்கே நாலு பேர் சிரிப்பார்கள். மாமா தினமும் போய் அந்தச் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு வருவார். மீதிக் கால்கள் அத்தனையும் அவர் ஒருவரே கடைந்து முடித்தார்.

அம்மா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, தள்ளிவைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். கோவளத்து மீன் வாங்கும் நாளில் மாமாவின் தட்டில் வால் துண்டுதான் விழும். மாமா அதையும் முள் முள்ளாகப் பிரித்து ருசித்துச் சாப்பிடுவார். எனக்கு அதைப் பார்க்கத் தாங்காது.

உண்மையைச் சொல்ல நான் முயற்சி செய்யவில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். முதலில் மாமாவிடமே போனேன். மரத்தூள் கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றை நிறுத்தவே இல்லை.

"நீ எப்ப பாப்பா கல்லுகிட்ட போன?"

"அன்னிக்கு, நீங்க டீ குடிக்கப் போனப்ப."

"கனா கண்டுகினு கீற. புடிச்சது நானு. போய் வெளையாடு போ."

அவர் முகத்தில் சிரிப்போ கோபமோ ஒன்றுமில்லை. மூன்றாவது நாளும் கேட்டேன், அதே பதில். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "மாமனுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டியா?" என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். நான் அதுவரை அம்மாவிடம் சொன்ன பொய்களையெல்லாம் அவள் நம்பியிருக்கிறாள். உண்மை சொன்ன ஒரே தடவை குட்டு விழுந்தது. அப்பாவிடம் போனால், "மாத்திர போட்டது கண்ண சொக்குது, அப்பறம் சொல்லு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த அப்பறம் வரவே இல்லை. கடைசியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் கோட்டைத் தாண்டினேனா இல்லையா? மணிக்கட்டில் பொறி பட்ட இடத்தில் ஏதாவது புள்ளி இருக்கிறதா என்று வெயிலில் வைத்துத் தேடினேன். ஒன்றும் இல்லை.

ஒரு நாள் அப்பா கட்டு மாற்றப் போயிருந்த நேரத்தில், திருக்கழுக்குன்றத்துப் பெண்ணின் அப்பா உடம்பு விசாரிக்க வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். மாமா பட்டறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, என்னை டீ வாங்கிவரச் சொன்னார். நான் டீயோடு வரும்போது அந்தப் பெரியவர் கையில் குழி உளி இருந்தது. அப்பா அதை அப்படியே சுவரில் மாட்டிவைத்திருந்தார், யாரையும் தொடவிடவில்லை. பெரியவர் தச்சர். வாயைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"யாருப்பா இத புடிச்சது?"

மாமா என்னைப் பார்த்தார். நான் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போதாவது நீதான் என்று சொல்லிவிடமாட்டாரா என்று ஒரு பக்கம் இருந்தது, சொல்லிவிடுவாரோ என்று இன்னொரு பக்கம் இருந்தது.

"நான்தாங்க" என்றார் மாமா.

பெரியவர் உளியைச் சுவரில் மாட்டினார். டீ சூடாக இருக்கிறது என்று சொல்லிக் கீழே வைத்தார். பிறகு அதைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார். ஆரஞ்சுப் பழத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

அப்பா வந்து விஷயம் கேள்விப்பட்டதும் குதித்தார். "அந்தாளுகிட்ட எதுக்குடா சொன்ன? நான் வந்து பேசிக்கமாட்டனா?" "உண்மையத்தான மாமா சொன்னேன்" என்றார் என் மாமா. அப்பா வாயைத் திறந்தார், நான் நிற்பதைப் பார்த்தார், மூடிக்கொண்டார். மரத்தூள் டின்னை ஓர் உதை விட்டார். நான் குழம்பிப்போனேன். மாமாதான் பிடித்தார் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திட்டுகிறவர் அப்பாதான். அதையே மாமா ஒருவரிடம் சொன்னால் எதற்கு இவருக்குக் கோபம் வரவேண்டும்?

ஒரு வாரத்தில் அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். மாமாவின் சட்டைப் பையில் போட்டோ இல்லை. எங்கே என்று கேட்டேன். "அதும் வூட்டுக்குப் போயிடுச்சி" என்றார். மாமா எங்களை விட்டுப் போகமாட்டார் என்று எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். அந்த ஆரஞ்சில் மூன்றை நானே உரித்துத் தின்றேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

அப்பாவுக்குக் கட்டுப் பிரித்த மறுநாள், என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். இந்த வீட்டில் ஒரு ஆளாவது ஒழுங்காகச் சாணை பிடிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று அம்மா காதில் விழும்படி சொன்னார். அம்மா எவ்வளவு சத்தம் போட்டும் கேட்கவில்லை. மாமா அப்போது திருப்போரூர் போயிருந்தார்.

மேசையின் வலப்பக்கம் இருந்த தண்ணீர் டப்பாவை எடுத்து அப்பா இடப்பக்கம் வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்து, கல்லுக்கு இடதுபுறமாகப் போட்டு, அதன் மேல் என்னை ஏற்றினார். சுவரிலிருந்து அந்தக் குழி உளியைக் கழற்றிக் கொடுத்தார். முதுகு மொதல்ல, வாய் அப்பறம் என்றார். உளியை எப்படி உருட்ட வேண்டும், காது எப்படிப் பின்னால் போகவேண்டும் என்று வெறுங்கையால் காற்றில் செய்து காட்டினார். சுவிட்சைப் போடுவதற்கு முன், என் இடது கட்டைவிரலை மெதுவாகத் தட்டினார்.

"இந்த வெரலு சும்மா உக்காந்துகினு இருக்கணும். நீ அழுத்துவ. அழுத்தினா வாயி இந்தப் பக்கமா எறங்கிடும்."

நான் அதிசயித்துப்போனேன். கல்லை நான் இன்னும் தொடவே இல்லை, அதற்குள் எப்படிச் சொல்கிறார்! பிறகு அவர் சொன்னபடியே செய்தேன். காது இரண்டும் பொறியாகப் பறந்து மறைந்தன. நாக்கு திரும்ப வந்தது. அப்பா அதை வாங்கி, புதிதாகக் குட்டையாகியிருந்த விரலால் தடவிப் பார்த்து, நல்லாக்கீது என்றார்.

சாயங்காலம் மாமா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா வழக்கம்போலத் தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் போய் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெருமை அடித்துக்கொண்டேன். அப்பா என்னைக் கல்லுக்கு முன்னால் ஏற்றிவைத்தார், குழி உளியே கொடுத்தார், எல்லாவற்றையும் விட, நான் எந்த விரலை அழுத்துவேன், வாய் எந்தப் பக்கம் இறங்கும் என்று முதலிலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார் என்றேன்.

மாமாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"நீ புடிக்கிறதுக்கு முன்னாடியா சொன்னாரு?"

"ஆமா மாமா. சுச்சே போடல."

"அந்தப் பக்கம் எறங்கும்னு சொன்னாரா?"

இடது பக்கமாகக் கையைச் சாய்த்துக் காட்டினேன். மாமா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டை அப்படியே வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் எழுந்து பட்டறைப் பக்கம் போனார். எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், தன்னைக் கல்லுப் பக்கம் விடவில்லை என்று மாமாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது என்று நினைத்தேன். என் வாய் சும்மா இருக்கக்கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

பட்டறைக்குப் பின்புறம் ஒரு பழைய கட்டையின் மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். மாமா போய் முன்னால் நின்றார். அப்பா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மாமா உட்கார்ந்தார். அப்பா வாயில் பீடியை வைத்துக்கொண்டு தீக்குச்சி கிழிக்கப் பார்த்தார். அந்த விரல் இல்லாமல் பெட்டி நழுவி நழுவிப் போனது. மாமா வாங்கிக் கிழித்துப் பற்றவைத்தார். பாதி பீடி ஆனதும் அப்பா அதை மாமாவிடம் கொடுத்தார். நாற்பது நாள் திட்டியவரும் திட்டு வாங்கியவரும் இப்படி ஒரே பீடியைக் குடிக்கிறார்களே என்று நான் மலைத்து நின்றேன்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது, சோத்தப் போட்டுட்டு எங்க போனான் இவன் என்று. உடனே அப்பாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "குழி உளிக்குக் காது வச்ச மூதேவி, மூஞ்சியப் பாரு" என்று தெருவே கேட்கும்படி ஆரம்பித்துவிட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். பின்னாலிருந்து பார்த்தபோது அவர் தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால் சிரிப்பாகவும் இருந்திருக்கலாம். இரண்டுமாகவும் இருந்திருக்கலாம்.

அம்மாவிடம் ஓடிப்போய், அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்பா மாமாவை மறுபடியும் திட்டுகிறார், மாமா அழுகிறார், நீயாவது அவரோடு பேசும்மா என்றேன். அம்மா குழம்புச் சட்டியில் கரண்டியை விட்டாள். மாமா திரும்பி வந்து உட்கார்ந்ததும், தட்டில் மீனின் நடுத்துண்டை வைத்தாள். "இன்னும் எத்தினி நாளு திருப்போரூருக்குத் தூக்கிகினு போவ?" என்று மாமாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டாள். வீட்டில் சமாதானம் வந்தது என்னால்தான் என்று நான் வெகு நாள் மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு அதற்கு நாலு வருடம் கழித்துத்தான் கல்யாணம் நடந்தது. அத்தை தங்கமானவள். பக்கத்துத் தெருவிலேயே வீடு. அப்பாவும் மாமாவும் இன்னும் ஒன்றாகத்தான் கடைகிறார்கள். பந்தியில் கேட்பவர்களுக்கு அந்த வசனமும் அப்படியே இருக்கிறது. வருடம் போகப்போக நானும் அதை நம்பிவிட்டேன். பொறி கிச்சுக்கிச்சு மூட்டியது ஏதோ கனவு போல ஆகிவிட்டது.

போன வருடம் என் வீட்டு அடுப்படியில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் அதை வாங்கி வெங்காயம் நறுக்கப் போனவர், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உன் கத்திய எங்க பார்த்தாலும் கண்டுபிடிச்சிடலாம். எல்லாம் இடது பக்கமா எறங்கியிருக்கு." நான் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அப்பாவின் முகம் அப்படியே வந்து நின்றது. எழுந்து வெளியே போய் மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, அந்தக் குழி உளிய புடிச்சது நான்தானே?"

பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது. அதை அணைத்தார் போலிருக்கிறது.

"நீ எப்ப பாப்பா கல்லுகிட்ட போன?" என்றார்.

பத்து வயதில் இதே கேள்விக்குப் பதில் சொல்ல எத்தனை பாடுபட்டேன்! அவர் என்னிடம் பதில் கேட்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.